பழைய கற்றலிற்றிக் கன்வேட்டரில் பிளாற்றினம் எடுக்கலாமா? திருகோணமலையில் இருந்து ஒரு கேள்வி

கண்டிவீதி கராஜ் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் கண்டி வீதிப் பக்கம் சின்னதாக ஒரு கராஜ் நடத்துகிறேன். வருவது அநேகமாக ஜப்பான் வண்டிகள்தான். வாகன்ஆர், அக்வா, விட்ஸ், பழைய பிரியஸ், இடைக்கிடை கேடிஎச் வான். விபத்தில் அடிபட்டுப் பாகம் பாகமாகப் பிரித்த வண்டிகளில் கழற்றியவை, உள்ளே உருகி அடைத்துப்போனதால் மாற்றியவை என்று, சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்கிற பழைய கன்வேட்டர்கள் இரண்டு உரப்பை நிறையச் சேர்ந்துவிட்டன.

கொழும்பில் இருந்து ஒருவர் லொறியில் வந்து வாங்கிப் போவார். பெரியதற்கு ஒரு விலை, சின்னதற்கு ஒரு விலை. இலக்கம் பார்ப்பதில்லை, நிறுப்பதில்லை. பேரம் பேசினால் உடனே கூட்டியும் தருகிறார். அப்படி உடனே கூட்டித் தருவதுதான் எனக்கு உறுத்துகிறது. சாமானின் பெறுமதி அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

என் மாமா பெரியகடையில் நகைப் பட்டறை வைத்திருப்பவர். பழைய நகையை அசிட்டில் போட்டுச் செம்பையும் வெள்ளியையும் பிரித்துச் சுத்தத் தங்கம் எடுப்பது அவருக்குக் கைவந்த வேலை. கன்வேட்டரை உடைத்து உள்ளே இருக்கிற கண் கண்ணான கல்லை அசிட்டில் ஊறவைத்துப் பிளாற்றினம் எடுக்கிற வீடியோக்களை அவருக்குக் காட்டினேன். "தங்கத்தைக் கரைக்கிற அதே திராவகம்தானே, பட்டறைக்குப் பின்னால் வைத்துச் செய்து பார்ப்போம்" என்கிறார்.

ஒரு கன்வேட்டரில் உண்மையாக எவ்வளவு இருக்கும்? நாங்களே எடுக்க முடியுமா? முடியாது என்றால் ஏமாறாமல் விற்க என்ன வழி? இந்த வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.


கிண்ணியா பழைய இரும்பு எழுதியது:

தம்பி, நான் இரும்பு, அலுமினியம், பழைய பற்றரி எடுக்கிறவன். கன்வேட்டர் வந்தாலும் எடுப்பேன். முதலில் உரப்பையைக் கொட்டித் தரம் பிரியுங்கள். சைலன்சர் குழாயில் இருக்கிற குடுவை எல்லாம் கன்வேட்டர் இல்லை. நடுவில் வருகிற ரெசனேற்றரிலும் பின்னால் இருக்கிற மஃப்ளரிலும் வெறும் தகடும் பஞ்சும்தான். டோர்ச் அடித்துக் குழாய்க்குள் பாருங்கள். சின்னச் சின்னக் கண் தெரிந்தால்தான் அது கன்வேட்டர். சிலதை முந்திய கராஜில் வெட்டி, கல்லை எடுத்துவிட்டு, வெறுங்கோதைத் திரும்ப ஒட்டிவிட்டிருப்பார்கள். ஒட்டின தடத்தைத் தடவினால் தெரியும். அது இரும்பு விலைக்குத்தான் போகும்.

ஒறிஜினல் வேறு, பிறகு கடையில் வாங்கிப் பூட்டினது வேறு. கடைச் சாமான் பார்க்கப் புதிதாக மினுங்கும். உள்ளே பூச்சு மிகக் குறைவு. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தால் ஒறிஜினலின் விலையும் சேர்ந்து இறங்கும்.

அசிட் வேலை எனக்குத் தெரியாது. உப்புவெளியில் ஒருவர் சார்ஜாவில் இதே தொழில் செய்துவிட்டு வந்திருக்கிறார், இங்கேயும் எழுதுவார். அவர் வந்து சொல்லட்டும்.


உப்புவெளி எழுதியது:

தம்பி, கிண்ணியா நானா சொன்னது என்னைத்தான். சார்ஜாவில் பழைய வண்டிகள் குவிகிற பகுதியில், கன்வேட்டர் வாங்கி வெட்டுகிற ஒரு யார்ட்டில் பல வருடம் இருந்தேன். வெட்டுவது, அரைப்பது, மாதிரி எடுப்பது, விலை போடுவது என்று எல்லா மேசையிலும் வேலை செய்திருக்கிறேன். மாமாவைத் தயவுசெய்து அசிட்டுப் பக்கம் போகவிடாதீர்கள். ஏன் என்று எழுதுகிறேன், அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். தொழில் தெரிந்தவர், காரணம் புரிந்தால் அவரே விட்டுவிடுவார்.

நீங்கள் கல் என்று சொல்வது கோடியரைற் என்கிற பீங்கான். மக்னீசியம், அலுமினியம், சிலிக்கன் மூன்றும் சேர்ந்தது. ஒரு சதுர அங்குலத்தில் 400, 600 என்று கண்கள் இருக்கும். அந்தக் கண்களின் சுவரில் அலுமினாவும் சீரியம் ஒட்சைட்டும் கலந்த மெல்லிய பூச்சு. பிளாற்றினம், பலேடியம், ரோடியம் மூன்றும் அந்தப் பூச்சுக்குள்தான், கண்ணுக்குத் தெரியாத துகளாக, நானோமீற்றர் அளவில் தூவிக் கிடக்கின்றன. பிளாற்றினமும் பலேடியமும் காபனோரொட்சைட்டையும் எரியாமல் வந்த பெற்றோல் ஆவியையும் எரித்து முடிக்கும். ரோடியத்தின் வேலை நைதரசன் ஒட்சைட்டுகளை உடைத்து வெறும் நைதரசனாக்குவது. அமெரிக்காவில் 1975 மொடல் வண்டிகளில் இருந்து பரவலாகப் பூட்டத் தொடங்கினார்கள், ஐரோப்பாவில் 1990களின் தொடக்கத்தில். ஈயம் பட்டால் இந்தப் பூச்சு செத்துவிடும். அதனால் கன்வேட்டர் போன இடமெல்லாம் ஈயம் கலந்த பெற்றோல் நின்றது. நம் நாட்டில் 2002இல் நின்றது.

அளவுக்கு வருவோம். பெற்றோல் காரொன்றின் ஒறிஜினல் கன்வேட்டரில் மூன்று உலோகமும் சேர்த்து, வண்டியைப் பொறுத்து, ஒன்றிரண்டு கிராமில் இருந்து ஐந்தாறு கிராம் வரை வரும். வாகன்ஆர் மாதிரி 660 சிசி வண்டி கீழ்ப்பக்கம். பழைய பிரியஸ் மேல்பக்கம். ஹைபிரிட்டில் எஞ்சின் நின்று நின்று ஓடுவதால் கன்வேட்டர் அடிக்கடி ஆறும், ஆறினதை உடனே வேலை செய்ய வைக்கப் பூச்சைத் தாராளமாகப் போட்டார்கள். 2004 முதல் 2009 வரையான பிரியஸுக்கு உலகம் முழுவதும் திருடர் தொல்லை வந்தது இதனால்தான்.

பவுண் 8 கிராம் என்ற கணக்கு மாமாவுக்குத் தெரியும். ஒரு பவுணே இல்லாத உலோகம், அதுவும் மூன்று வகை, ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்டப் பாரமான பீங்கான் முழுவதும் பரவிக் கிடக்கிறது. ஆனால் சுரங்கத்தோடு ஒப்பிட்டால் இது புதையல். தென்னாபிரிக்காவில் புஷ்வெல்ட் சுரங்கங்களில் ஒரு தொன் பாறையைக் கிண்டி அரைத்தால் வருவது சில கிராம்தான். ஒரு தொன் கன்வேட்டர் பீங்கானில் ஒரு கிலோவுக்கு மேல் வரும், நல்ல சாமானாக இருந்தால் இரண்டு கிலோவும் வரும். லொறி உங்கள் வாசலுக்கு வருவது அதற்குத்தான்.

விலை நிலையாக நிற்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரோடியம் 2021 மார்ச்சில் அவுன்ஸ் 30,000 டொலரைத் தொடப் பார்த்தது. 2023 நடுப்பகுதியில் 5,000க்குக் கீழே வந்துவிட்டது. பலேடியம் 2022 மார்ச்சில் 3,000க்கு மேல் ஏறி, 2024 தொடக்கத்தில் 1,000க்குக் கீழே இறங்கியது. இந்த அவுன்ஸ் 31.1 கிராம். பிரியஸ் கன்வேட்டருக்கு ஒருவர் 2021இல் வாங்கின காசை விலை இறங்கினபின் கேட்டால் யாரும் தரமாட்டார்கள், தரவும் முடியாது.

இனி அசிட். மாமா கரைப்பது உலோகக் கட்டி. அது கரைந்து முடிந்தால் திரவம் தெளிவாக நிற்கும், வடித்து எடுக்கலாம். இங்கே பீங்கானும் பூச்சும் முழுக்கத் துளை. ஊற்றின அசிட்டை உறிஞ்சிக்கொள்ளும், கரைந்த உலோகமும் அதோடு உள்ளே நிற்கும். அதை வெளியே எடுக்கக் கழுவக் கழுவத் திரவம் வாளி வாளியாகப் பெருகும். உலோகம் அதில் ஐதாகிவிடும். கூடவே அலுமினியம், சீரியம், இரும்பு எல்லாம் கரைந்து வரும்.

பலேடியத்தில் ஒரு பங்கு எஞ்சின் சூட்டில் ஒட்சைட்டாகி இருக்கும். மாமா தங்கத்தைக் கரைக்கிற இராஜ திராவகத்தில் அது ஒழுங்காகக் கரையாது, முதலில் அதை மறுபடி உலோகமாக ஒடுக்க வேண்டும். ரோடியம் இராஜ திராவகத்துக்கே மசியாத உலோகம். அதிலும் கன்வேட்டருக்குள் வருடக்கணக்காகச் சூடேறி அலுமினாவோடு பிணைந்து போயிருக்கும். வீடியோக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. மூன்று உலோகத்தில் ஒன்று அவர்கள் வீசுகிற கழிவுப் பீங்கானோடு போகிறது.

சரி, கரைந்தது வரைக்கும் எடுப்போம் என்றாலும், நாகத் (சிங்க்) தூள் போட்டு இறக்கினால் கிடைப்பது கறுப்புப் பொடி. பிளாற்றினம், பலேடியம், செம்பு, ஈயம் எல்லாம் கலந்த பொடி. அதை உருக்கவாவது முடியுமா? தங்கம் 1064 பாகையில் உருகிவிடும். பலேடியத்துக்கு 1555 வேண்டும், பிளாற்றினத்துக்கு 1768, ரோடியத்துக்கு 1964. பட்டறை ஊதுகுழலும் மூசையும் வெண்காரமும் அந்தச் சூட்டுக்கு ஆனவை இல்லை. காரீய (கிரபைற்) மூசையில் பிளாற்றினத்தை உருக்கினால் அது காபனைக் குடித்துக் கெட்டுப்போகும், பிறகு தட்டினால் வெடித்துப் பிளக்கும். பொடியாகவே விற்கலாம் என்றால், அதைச் சோதித்து இவ்வளவு பிளாற்றினம் இருக்கிறது என்று சொல்லி வாங்க இங்கே ஆள் இல்லை. ஒறிஜினல் கன்வேட்டரை அதன் இலக்கத்தைப் பார்த்தே வாங்குவார்கள். அதைக் கரைத்துப் பொடியாக்கினால் அந்த மதிப்பும் போய்விடும்.

இதெல்லாம் காசு நட்டம். உடம்பு நட்டம் வேறு. இராஜ திராவகம் குளோரினையும் நைத்திரசில் குளோரைட்டையும் கபிலப் புகையையும் விடும். இதை மாமா ஓரளவு பழகியிருப்பார். அவர் பழகாதது பிளாற்றின உப்பு. கட்டிப் பிளாற்றினம் மோதிரமாகக் கையில் கிடந்தால் ஒன்றும் செய்யாது. அசிட்டில் கரைந்து குளோரோபிளாற்றினேற்று ஆனபின் அதன் துளியும் தூசியும் மூச்சில் போனால் மூக்கு வடியும், கண் எரியும், தோல் தடிக்கும், பிறகு ஆஸ்துமா மாதிரி இழுப்பு வரும். பிரித்தானியாவில் பிளாற்றினச் சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளர்களை வைத்தியர்கள் பரிசோதித்து 1945இலேயே இதை எழுதிவிட்டார்கள். ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பினால் பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலே இழுக்கும். பெரிய ஆலைகளில் தொழிலாளிக்குத் தோலில் குத்திச் சோதனை செய்து, அறிகுறி தெரிந்தால் அந்தப் பகுதிக்கே திரும்ப விடமாட்டார்கள். பட்டறையில் காலை முதல் மாலை வரை குனிந்து இருக்கிற மனிதருக்கு இழுப்பு வந்தால் தொழிலே போச்சு.

கழிவை எங்கே ஊற்றுவீர்கள் என்றும் யோசியுங்கள். நம் கரையோரம் மணல் நிலம். வளவில் ஊற்றினது கிணற்றுக்குப் போக அதிக காலம் எடுக்காது. பெரியகடையில் வீட்டோடு வீடு ஒட்டியிருக்கிறது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் இன்னும் கிணற்றுத் தண்ணீரில்தான் எத்தனையோ வீட்டில் சமைக்கிறார்கள். வாளி வாளியாக அசிட், அதற்குள் ஈயம், செம்பு, நிக்கல். இதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை, தம்பி.

பெரிய ஆலைகள் பீங்கானை அசிட்டில் ஊறவைத்துத் தொடங்குவதில்லை. பெல்ஜியத்தில் ஹோபோகன் என்ற இடத்தில் யூமிகோர், இங்கிலாந்தில் ஜோன்சன் மத்தே, இப்படிப் பெயர் பெற்றவை சிலதான் உலகில் இருக்கின்றன. பீங்கானை மாவாக அரைத்து, உலையில் முழுதாக உருக்குவார்கள். கூடவே செம்போ ஈயமோ இரும்போ போடுவார்கள். பீங்கான் உருகிக் கசடாக மேலே மிதக்கும். பாரமான உலோகம் கீழே இறங்கும்போது பிளாற்றினம், பலேடியம், ரோடியம் மூன்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அதற்குப் பிறகுதான் அசிட்டும் குளோரினும், மூடின பாத்திரத்தில், புகையைக் கழுவும் கோபுரத்தோடு. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுப்பார்கள். ரோடியம் வெளியே வர நீண்ட நாள் பிடிக்கும். இந்த வேலைக்கு உலை வேண்டும், தொன் கணக்கில் சாமான் வேண்டும். உரப்பைக் கணக்கில் நடக்காது.

ஆகவே நீங்கள் காசு பார்க்க வேண்டிய இடம் விற்கிற இடம்தான். அதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரிய வேண்டும். மூடியிலும் குழாய் விளிம்பிலும் தகட்டிலும் குத்தின இலக்கத்தைக் கம்பித் தூரிகையால் சுரண்டிப் படம் எடுங்கள். டொயோட்டாவில் இரண்டு ஆங்கில எழுத்தும் ஓர் இலக்கமும் போலச் சின்னதாக இருக்கும். பழைய பிரியஸில் ஜிடி3 (GD3) என்று காண்பீர்கள். வண்டியின் மொடல், வருடம், எஞ்சின் எல்லாம் பெயின்ற் பேனாவால் அதன் மேலேயே எழுதிவையுங்கள். வாங்குகிறவர்கள் இந்த இலக்கத்தை வைத்துத்தான் விலைப் பட்டியல் பார்க்கிறார்கள். கொழும்பு லொறிக்காரர் பார்க்காமல் வாங்குகிறார் என்று நினைக்க வேண்டாம். ஏற்றினபின் பார்ப்பார்.


திருமலைத் தாதி எழுதியது:

உப்புவெளி அண்ணா சொன்ன கபிலப் புகையைப் பற்றி ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். நான் வைத்தியசாலையில் விபத்துப் பிரிவில் வேலை செய்தவள். நைத்திரிக் அமிலத்தை உலோகத்தில் ஊற்றினால் எழும்பும் அந்த நைதரசன் ஈரொட்சைட்டை மூச்சில் எடுத்தவர் அந்த நேரம் கொஞ்சம் இருமிவிட்டு, சுகமாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடுவார். ஆபத்து பிறகுதான். பல மணி நேரம் கழித்து, சிலருக்கு அடுத்த நாள், நுரையீரலுக்குள் நீர் கட்டத் தொடங்கும். இரவு படுத்தவர் மூச்சுத் திணறி எழும்புவார். அதனால் நல்லாயிருக்கிறேன் என்று அவர் சொன்னாலும் புகை பட்ட அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிவர வேண்டும், என்ன புகை என்பதையும் சொல்ல வேண்டும். நகைத் தொழில் செய்யும் குடும்பங்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், கன்வேட்டர் வேலை செய்தாலும் இல்லாவிட்டாலும்.

துணியாலோ கொரோனாக் காலத்து மாஸ்க்காலோ இந்த வாயுவைத் தடுக்க முடியாது. அவை தூசிக்கு மட்டும்தான். என் சித்தப்பாவும் நகைத் தொழிலாளி, ஜன்னல் இல்லாத அறையில் அசிட் வைத்து வேலை செய்தவர். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.


கண்டிவீதி கராஜ் எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. மாமாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். உருகும் பாகைக் கணக்கைக் கேட்டதும் மௌனமாகிவிட்டார், பிறகு ரோடியம் கரையாது என்பதைத் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார். அசிட் யோசனையை விட்டாயிற்று. தாதி அக்கா சொன்னதைத் தன் பட்டறைப் பையன்களுக்கும் சொல்லியிருக்கிறார்.

இப்போது வேறு கேள்வி. கோதை வெட்டிப் பீங்கானை மட்டும் எடுத்து நிறுத்து விற்றால் விலை கூட வருமா? கிரைண்டர் இருக்கிறது. இன்னொன்று, கேடிஎச் வானில் கழற்றிய ஒன்று மற்றவற்றை விடப் பாரம், பெரியது. முகப்பில் பார்த்தால் ஒரு கண் விட்டு ஒரு கண் அடைத்திருக்கிறது. இது நல்ல விலை போகுமா? வண்டிக்காரர் கன்வேட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் பூட்டச் சொன்னால் என்ன செய்வது? மைலேஜ் கூடும் என்று சிலர் கேட்கிறார்கள்.


உப்புவெளி எழுதியது:

கிரைண்டரால் வெட்டாதீர்கள். யார்ட்டில் நாங்கள் வெட்டியது ஹைட்ரோலிக் கத்தரியால், உறிஞ்சி இழுக்கிற தூசிக் குழாய்க்குக் கீழே. கிரைண்டர் தகடு பீங்கானைத் தொட்டால் பூச்சு தூசியாகப் பறக்கும், பறப்பதெல்லாம் காசு. அதைவிட, பீங்கானைச் சுற்றி ஒரு பஞ்சுப் பாய் இருக்குமே, அது நெருப்புத் தாங்கும் பீங்கான் நார். அந்த நாரும் இந்தத் தூசியும் நெஞ்சுக்குள் போகவே கூடாது. கச்சான் காற்றுக் காலத்தில் கராஜ் வாசலில் வைத்து வெட்டினால் வீதி முழுவதும் பறக்கும். ஏற்கெனவே உடைந்து கொட்டுவதை மட்டும் என்95 மாஸ்க் போட்டு, தண்ணீர் தெளித்து, தடித்த பொலித்தீன் பையில் போட்டுக் கட்டிவையுங்கள். உடைந்த தூளையும் வீசாதீர்கள்.

வெட்டிவிட்டால் இன்னொரு நட்டம். இலக்கம் கோதில்தான் இருக்கிறது. கோது போனால் அந்தப் பீங்கான் பிரியஸா கடைச் சாமானா என்று யாருக்கும் தெரியாது, வாங்குகிறவர் அடிமட்ட விலைதான் சொல்வார். கோது மட்டும் தனியாகப் பெரிய காசும் இல்லை. அது காந்தம் பிடிக்கிற வகை ஸ்டெயின்லெஸ். பழைய இரும்புக்காரர் தண்ணீர்த் தாங்கி ஸ்டெயின்லெஸ் விலை தரமாட்டார், நானாவைக் கேளுங்கள்.

பீங்கானை நிறுத்து விற்பது தொன்னை நெருங்கிச் சாமான் சேர்க்கிறவர்களுக்கு. அவர்கள் அரைத்துக் கலந்து மாதிரி எடுப்பார்கள். மாமாவுக்கு இது உடனே விளங்கும்: பட்டறைத் தரையில் கூட்டின தூசியைக் கண்ணால் பார்த்து விலை சொன்னால் அவர் கொடுப்பாரா? எரித்து, அரைத்து, சோதித்தபின் தானே பேசுவார்? அதே முறைதான். பொடியைப் பங்கு பங்காகப் பிரித்து ஒரு சின்ன மாதிரியை ஆய்வுகூடத்தில் கரைத்து அளப்பார்கள். கையில் பிடித்து அடிக்கிற எக்ஸ்ரே மெஷினை யாராவது கொண்டுவந்து பீங்கான் முகத்தில் வைத்து, பாருங்கள் இவ்வளவுதான் என்று காட்டினால் நம்ப வேண்டாம். முகப்பில் ஒரு அளவு, நடுவில் ஒரு அளவு, பூச்சிலேயே படை படையாக வேறு வேறு. அரைத்துக் கலந்த மாவில் வைத்தால்தான் அந்த மெஷின் சொல்வதற்கு அர்த்தம் உண்டு. ஆலை தருகிற கணக்கிலும் முழு உலோகத்துக்கும் காசு வராது. உருக்கும் கூலி, ஈரம், எரிந்து போகிற கரி எல்லாம் கழியும். ரோடியத்தில் கூடுதலாகவே கழிப்பார்கள். காசு வரக் கிழமைக் கணக்கில் ஆகும், அதற்கிடையில் சந்தை விலை ஏறி இறங்கும். இதையெல்லாம் தாங்கக் கைமுதல் வேண்டும், அதனால் உங்களுக்கு ஏற்றது இலக்கப்படி ஒவ்வொன்றாக விற்பதுதான்.

கேடிஎச்சில் ஒரு கண் விட்டு ஒரு கண் அடைத்திருப்பது டீசல் கரி வடி, புகையில் வருகிற கரியைப் பிடிக்கிற வடிகட்டி. அதைத் தனியே வையுங்கள், மற்றவற்றோடு கலக்கவே வேண்டாம். அநேகமானவை சிலிக்கன் கார்பைட், கறுப்பு நிறம், நல்ல பாரம். சிலதில் பிளாற்றினம் கொஞ்சம் இருக்கும், சிலதில் இருக்காது. உருக்கும் உலைக்கு சிலிக்கன் கார்பைட் பெரிய தலைவலி, அது மற்றதைப் போல உருகிக் கசடாகாது. பீங்கான் பைக்குள் அது கலந்திருப்பதைக் கண்டால் முழுப் பைக்கும் விலையைக் குறைப்பார்கள். பாரத்தைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அதற்கு முன்னால் கண் திறந்தபடி ஒரு சின்னத் துண்டு இருந்தால் அது டீசல் ஒட்சியேற்றி, பிளாற்றினம் அதில்தான். உள்ளே பீங்கானுக்குப் பதில் சுருட்டின மெல்லிய உலோகத் தாள் இருந்தால் அதுவும் வேறு வகை, அதையும் தனியாகப் போடுங்கள். ஒட்சிசன் சென்சர் முனையில் கூடத் துளி பிளாற்றினம் உண்டு. ஒரு டின்னில் சேர்த்து வைத்தால் கெட்டுப்போகாது, ஆனால் அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

ஓடுகிற வண்டியில் நல்ல கன்வேட்டரைக் கழற்றிக் குழாய் பூட்டாதீர்கள். உங்களுக்கு அதில் ஒரு கன்வேட்டர் கிடைக்கும் என்பது உண்மை. வண்டிக்காரருக்கு பி0420 என்று எஞ்சின் விளக்கு எரியும், அடுத்த புகைப் பரிசோதனையில் வண்டி விழலாம், பரிசோதனை இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. மைலேஜ் கூடுவது அடைத்துப்போன கன்வேட்டரை மாற்றினால்தான், நல்லதை எடுத்தால் இல்லை. பள்ளி விடுகிற நேரம் அந்தப் புகையை வீதியில் நிற்கிற பிள்ளைகள் மூச்சில் எடுக்கிறார்கள். அதைச் சொல்லி வண்டிக்காரரைத் திருப்பி அனுப்புங்கள்.

கடைசியாக ஒரு கொப்பி போடுங்கள். எந்த வண்டி, என்ன இலக்கம், யாருடையது, எப்போது கழற்றினது, சொந்தக்காரரின் கையெழுத்து. கன்வேட்டர் திருட்டு நம் நாட்டிலும் நடக்கிறது. நாளைக்குப் பொலிஸ் கேட்டால் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.


கிண்ணியா பழைய இரும்பு எழுதியது:

கோது விலை பற்றி அவர் சொன்னது சரி. காந்தம் பிடித்தால் நானும் குறைத்துத்தான் எடுப்பேன்.

தம்பி, மூதூர், தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் எனக்குத் தெரிந்த கராஜ்காரர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் தனித்தனியாக இரண்டு பை மூன்று பை என்று கொடுப்பதால்தான் லொறிக்காரர் சொன்னது விலையாக இருக்கிறது. இலக்கப் படத்தோடு ஒன்றாகச் சேர்த்து, வாங்குகிற இரண்டு மூன்று பேருக்கு ஒரே பட்டியலை அனுப்பி விலை கேட்போம். யார் சாமான் எது என்று கொப்பியில் இருக்கட்டும், காசையும் அதன்படியே பிரிப்போம். வாங்குகிறவரிடம் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, சாமான் எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டும். அதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவருக்கு நான் பற்றரியும் கொடுப்பதில்லை.


கண்டிவீதி கராஜ் எழுதியது:

நானா, எனக்குச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை பையைக் கொட்டிப் பிரித்தோம். ரெசனேற்றர் சில அதற்குள் கிடந்தன, வெறுங்கோதும் இருந்தது. அக்வா, விட்ஸ் இலக்கங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஜிடி3 குத்தினது ஒன்று கிடைத்திருக்கிறது, சூட்டுத் தகடு பிடுங்குப்பட்டிருக்கிறது, உள்ளே கண் உடையவில்லை. வாகன்ஆர் சாமானில் துரு பிடித்து எழுத்து மறைந்துவிட்டது. அதற்கு என்ன செய்யலாம்?


உப்புவெளி எழுதியது:

துருவை அசிட் போட்டுக் கழுவ வேண்டாம். உள்ளே வழிந்தால் பூச்சும் போகும். கம்பித் தூரிகையால் மெதுவாகச் சுரண்டி, சுண்ணக்கட்டியைப் படுக்கையாக வைத்துத் தேயுங்கள், பள்ளமான எழுத்து நிழலாகத் தெரியும். பக்கவாட்டில் டோர்ச் அடித்துப் படம் எடுங்கள். அதிலும் தெரியாவிட்டால் நான்கு பக்கத்தில் இருந்தும் முழு உருவத்தைப் படம் எடுத்து, நாடாவால் நீளத்தையும் சுற்றளவையும் அளந்து, வண்டியின் சட்டக இலக்கத்தின் முன்பகுதியையும் எழுதி அனுப்புங்கள். உருவத்தைப் பார்த்தே பலதைச் சொல்லிவிடலாம். ஜிடி3ஐ மற்றவற்றோடு பையில் போடாமல் கராஜுக்குள் பூட்டி வையுங்கள், நானா பட்டியலில் அதற்குத் தனியாக விலை கேட்கட்டும்.